கண்ணின் உள்மூலை

லுவாவுக்கு அந்தக் கொரியச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது நான்தான். இன்ச்சோன் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வரும்போது அவளாகவே கேட்டாள்.

“மியென் அக்கா, இந்த ஊர் பாஷை எனக்கு ஒரு எழுத்துகூட தெரியாது. அவசரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிக்குடுங்க. ஒண்ணு போதும், அதுக்கு மேல என் மண்டையில ஏறாது.”

“குவென்சானயோ. இது ஒண்ணு இருந்தா சியோல் முழுக்கச் சுத்தலாம்.”

“அப்படின்னா?”

“பரவாயில்லைன்னு அர்த்தம். யாராச்சும் கால மிதிச்சுட்டு மன்னிப்புக் கேட்டா குவென்சானயோ. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னா, வேணாம்னு சொல்ல குவென்சானயோ. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாலும் அதேதான்.”

“எல்லாத்துக்கும் ஒரே மாத்திரையா? எங்க தெரு டாக்டரும் இப்படித்தான்.”

ஆற்றுப் பாலம் வருகிற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஓட்டுநர் சிரித்துவிட்டார். அதற்கும் “குவென்சானயோ” என்றாள்.

நான் வியட்நாமில் நாம் தின் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயதில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. சியோலின் அப்குஜோங் பகுதியில் ஒரு அழகு சிகிச்சை கிளினிக்கில், வியட்நாமிலிருந்து வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணுக்குத்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்காகவும் கண்களுக்குக் காவலான புனித லூசியாவிடம் ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். மொழிபெயர்ப்பு வேலையில் அது சேராது. ஆனாலும் சொல்வேன்.

லுவா ஹாய் ஃபோங் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தாள். முப்பத்தேழு வயது. அவளுடைய கண்ணைப் போன்ற ஒடுங்கிய கண்ணை எங்கள் ஊரில் விலாங்குக் கண் என்பார்கள். அப்படிக் கண் உள்ளவள் ஏமாற்றுக்காரி என்று ஒரு நம்பிக்கை. “விலாங்குக் கண்ணுகிட்ட துணி எடுக்காத, அளக்கும்போதே ஒரு சாண் முழுங்கிடுவா” என்று பக்கத்துக் கடைக்காரி வாடிக்கையாளர்களிடம் சத்தமாகவே சொல்வாளாம். பதினேழு வயதிலிருந்து லுவா தினமும் காலையில் இமை மேல் மெல்லிய டேப் ஒட்டி ஒரு மடிப்பை வரவைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது வயதில் இமை தொங்கி, டேப் நிற்பதில்லை.

“டேப்ப எம் பொண்ணு பாத்துட்டா அக்கா” என்றாள். “ஒம்பது வயசு. தோம்னு கூப்பிடுவோம், பொறந்தப்போ எறால் மாதிரி சுருண்டு கிடந்தா, அதான் எறால்னே பேரு. அவளுக்கும் இதே கண்ணு. பள்ளிக்கூடத்துல விலாங்குக் குஞ்சுங்கிறானுங்க. நம்ம கண்ணு அழகுடின்னு தினமும் நான்தான் சொல்லுவேன். டேப்ப கையில வச்சுக்கிட்டு, அப்ப இது எதுக்கும்மான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“இமை தொங்குது, மேல ஒரே ஒரு கோடு போட்டுட்டு வந்துடறேன். ஆனா இந்த மூலை உனக்கும் எனக்கும் ஒண்ணு. இத யாரையும் தொட விடமாட்டேன்னு சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணிட்டு வந்திருக்கேன்.”

மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கே தோல் ஒரு சின்னத் திரைபோல இறங்கிக் கண்ணின் முனையை மறைத்திருந்தது. கைபேசியில் மகளின் படம் இருந்தது. அதே திரை, அதே சாய்வு.

மறுநாள் டாக்டர் பியொன் கண்ணாடி முன் அவளை உட்கார வைத்து, மெல்லிய கம்பியால் இமையை மடித்துப் பார்த்தார். நல்ல கைக்காரர், பொறுமையானவர். “உள்மூலையையும் கொஞ்சம் திறந்துவிட்டா கண் பெரிசாத் தெரியும்” என்றார். நான் சொன்னேன். லுவா கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இந்த மூலை எம் பொண்ணோடது. அவகிட்ட கேட்காம தர முடியாதுன்னு சொல்லுங்க அக்கா.” டாக்டர் சிரித்துவிட்டு, சிகிச்சைத் தாளிலிருந்த கண் படத்தின் உள்மூலையில், தொட வேண்டாம் என்று ஒரு பெருக்கல் குறி போட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அறுவை அன்று காலை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இந்தச் சிகிச்சையில் முழுதாகத் தூங்க வைப்பதில்லை. அரை மயக்கம்தான். நடுநடுவே கண்ணைத் திற, மூடு என்பார்கள். அதைச் சொல்லத்தான் நான். ஒரு கண் பாதி முடிந்திருந்தது. மேலாளர் பாங் கதவை இடுக்காகத் திறந்து தலையை நீட்டினாள்.

“மியென், கீழ ஹனோய்லேருந்து நாலு பேர் வந்து முழிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன். இங்க பரவாயில்லைல்ல?”

எனக்குப் போக மனமில்லை. லுவாவின் விரல்கள் என் விரல்களுக்குள் இருந்தன. ஆனால் மேலாளரிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. “குவென்சானயோ” என்றேன். கையை விடுவித்துக்கொண்டு போனேன்.

ஐந்து நிமிடம் இருபத்தைந்து ஆயிற்று. நான் திரும்பியபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நல்லா வந்திருக்கு. மூலையையும் திறந்துட்டேன். மடிப்பு போட்டப்புறம் பார்த்தா அங்க தோல் இழுத்துது. திறக்கட்டுமான்னு அவங்களையே கேட்டேன். தெளிவா குவென்சானயோன்னாங்க.”

லுவாவின் உள்மூலைகள் இரண்டிலும் நூலின் கறுப்பு முடிச்சுகள் எறும்புபோல உட்கார்ந்திருந்தன. அவள் மயக்கத்தில் புன்னகைத்தாள்.

வெளியே வந்ததும் பாங் என் தோளைத் தொட்டாள். “வீக்கம் இறங்கறவரைக்கும் எதுவும் சொல்லாத. பயந்தா ரத்தக்கொதிப்பு ஏறும், கண்ணுக்குத்தான் கெடுதல்.” அதில் உண்மையும் இருந்தது. அந்த உண்மையின் பின்னால் நான் இரண்டு நாள் ஒளிந்துகொண்டேன்.

கிளினிக் பின்னாலிருந்த சின்ன விடுதியில் அவளைத் தங்க வைத்திருந்தார்கள். வீக்கத்துக்காகப் பூசணிச் சாறு கொண்டுபோனேன். முகம் பன்றியிறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த ரொட்டிபோல உப்பியிருந்தது. “கண்ணாடில பார்த்தா எங்க மாமியார் ரெண்டு பேர் தெரியறாங்க” என்று சிரித்தாள். தோம் தினமும் சாயங்காலம் கூப்பிட்டாள். “இங்க சிக்னல் சரியில்ல கண்ணு, படம் வராது, குரல் மட்டும் போதும்” என்று லுவா படத்தை அணைத்துவிட்டுப் பேசினாள்.

மூன்றாம் நாள் மதியம் தலை அரிக்கிறது என்றாள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தானாகக் குளிக்க முடியாது. சீயக்காய்போலத் தலை அலச என் அம்மா அனுப்பிய போ கெட் நெற்றுகள் வீட்டில் கொஞ்சம் இருந்தன. சுட்டு, எலுமிச்சை இலை போட்டுக் கொதிக்கவைத்து, குடுவையில் ஊற்றிக்கொண்டு போனேன். நாற்காலியைக் கழுவுதொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டு, அவள் தலையைப் பின்னால் சாய்த்தேன்.

“அய்யோ, ஊர் வாசனை” என்றாள். “எங்க அம்மா கல்யாணத்துக்கு முந்தின நாள் இதுலதான் அலசிவிட்டாங்க.”

அந்த வாசனையில் பொய்யாக நிற்க என்னால் முடியவில்லை.

“லுவா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் நடுவுல டாக்டர் ஏதாச்சும் கேட்டாரா?”

“கேட்டாரே. மூலையத் தொட்டுக்கிட்டே என்னமோ கேட்டார். எனக்குப் புரிஞ்சுடுச்சு. நீங்க இல்ல. நீங்க சொல்லிக்குடுத்ததையே எடுத்து விட்டேன். வேணாம், குவென்சானயோன்னு.” பெருமையாகச் சொன்னாள்.

நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன்.

“அவருக்கு அது சரின்னு கேட்டிருக்கு.”

அவள் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தாள்.

“சோறு வேணாம்னாலும் அதேதானே சொல்லணும்னீங்க?”

“ஆமா. ஆனா செய்யட்டுமான்னு கேட்டா, செய்யுங்கன்னும் அதுக்கு அர்த்தம். ரெண்டுக்கும் ஒரே சொல்தான். குரல வச்சு, முகத்த வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. உன் முகம் துணிக்குள்ள மூடியிருந்துச்சு. நான் அங்க இருந்திருக்கணும். போயிட்டேன்.”

“ரெண்டு மூலையுமா?”

“ரெண்டும்.”

அவளுடைய கை மேலே எழுந்து, கண்ணருகே வந்து, தொடாமல் நின்றது. அழக் கூடாது என்று விடுதிச் சுவரிலேயே தாள் ஒட்டியிருந்தது: குனியாதீர்கள், தேய்க்காதீர்கள், அழாதீர்கள். வியட்நாமிய மொழியில் அதை எழுதியதும் நான்தான்.

“தண்ணி ஆறிடும் அக்கா” என்றாள் கடைசியில். “ஊத்துங்க.”

ஊற்றினேன். அவளால் அழ முடியவில்லை. நான்தான் அழுதேன். என் கண்ணீர் அவள் நெற்றியில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலசினேன்.

ஐந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். லுவா கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அழகாகத்தான் இருந்தது. கண் விரிந்து, முனை கூர்ந்து, பத்திரிகை அட்டைப் பெண்போல இருந்தாள். யாரும் இனி அவளை விலாங்குக் கண் என்று சொல்ல மாட்டார்கள்.

“இது யாரு?” என்றாள் என்னிடம்.

நான் தாளைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பெருக்கல் குறி இருந்தது. அதன் பக்கத்தில் வேறு மையில், மணியும் நிமிடமும் போட்டு, வாய்மொழிச் சம்மதம் என்று எழுதியிருந்தது.

“டாக்டர், அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க” என்றேன். “அந்த வார்த்தையத் தப்பாக் கத்துக்குடுத்தது நான். கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவேண்டிய நேரத்துல கீழ போனதும் நான்.”

பாங் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், “இதெல்லாம் யாரு உன்னைக் கேட்டா? வேலை வேணாமா உனக்கு?” என்றாள்.

டாக்டர் பியொன் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, லுவாவின் முன் தலை தாழ்த்தினார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“ஆறு மாசம் போனா தழும்பு இளகும். அப்ப வந்தா கொஞ்சம் மூடிப் பார்க்கலாம். பழையபடி வரும்னு என்னால சொல்ல முடியாது.”

நான் சொன்னேன். லுவா தலையை ஆட்டினாள்.

“துணிக்கடைக்காரிகிட்ட சொல்லணுமா அக்கா? வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேப்போம் நாங்க. அவர் ஒரு தடவ கேட்டிருக்கார். அதுவும் தப்பில்லதான்.”

அன்று மாலை அறையில் பூசணிச் சாற்றைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தோம் கூப்பிட்டாள். மறுநாள் விமானம். இனி சிக்னல் பொய் செல்லாது. லுவா முடியை ஒதுக்கிக்கொண்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, படத்தை இயக்கினாள்.

பள்ளிச் சீருடையில் அந்தச் சின்ன முகம். கைபேசிக்குக் கிட்டே வந்தது, பிறகு விலகியது.

“அம்மா, கிட்ட வா.”

லுவா கிட்டே போனாள்.

“கோடு மட்டும்னு சொன்னே.”

“ஆமாடி கண்ணு. பேச்சு மாறிப்போச்சு. அம்மா வேணாம்னு சொன்னேன், அவங்களுக்குப் புரியல.”

“வேணாம்னு சொன்னா எப்படிப் புரியாம போகும்?”

அந்தப் பெண் இரண்டு சுட்டு விரல்களையும் எடுத்துத் தன் கண்களின் உள்மூலையில் வைத்து, மூக்கை நோக்கி இழுத்தாள். திரை விலகி, கண்ணின் சிவந்த முனை தெரிந்தது.

“இப்படியா?”

“கைய எடு. இழுக்காத, தோம். கைய எடுடி.”

“இப்படி இருந்தாத்தான் அழகா?”

“இல்ல. உன் கண்ணுதான் அழகு.”

“அப்ப நீ?”

லுவா திரும்பி என்னைப் பார்த்தாள். ஐந்து நாளாக அப்படிப் பார்த்துப் பழகிவிட்டாள். யாராவது ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சொல் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் இருவரும் பேசியது என் தாய்மொழி. அதிலிருந்து அதற்கே மாற்றிச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தோம் விரல்களை எடுத்தாள். இழுத்த இடம் சிவந்திருந்தது.

“பரவாயில்லம்மா” என்றாள்.

அப்புறம் கைபேசியை எங்கேயோ கிடத்தியிருக்க வேண்டும். திரையில் கூரையும் சுழல்கிற மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. “தோம்… தோம்…” என்று லுவா அந்த மின்விசிறியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தூரத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

“என்ன அர்த்தத்துல சொன்னா அக்கா?” என்று கேட்டாள் லுவா. “உங்களுக்குத் தெரியும்ல? நீங்க மொழிபெயர்ப்பாளர்தானே?”

“தெரியலம்மா” என்றேன்.

பூசணிச் சாற்றைக் குடிக்க வைத்தேன். படுக்க வைத்தேன். வீக்கம் முழுதாக இறங்காததால் அவளுடைய இமைகள் இன்னும் சேரவில்லை. மூடிய பிறகும் நடுவில் ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது. பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து அதன் மேல் போட்டேன். காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். அவள் என் விரலைத் தேடிப் பிடித்தாள்.

கைபேசி மேஜை மேல் இன்னும் அணையாமல் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் திரும்ப வந்து எடுப்பாள் என்று லூசியாவிடம் சொல்லிக்கொண்டே, துணியை நனைத்துக்கொண்டிருந்தேன். கீழே பாங் இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டாள். இந்தமுறை கையை விடவில்லை.