ஒரு ‘ப்’ குறைந்த கட்டளை

மீட்டிங் பதினொரு மணிக்கு. பத்தரைக்குள் அவள் வெள்ளைப் பலகைக்கு மூன்று முறை போய் வந்துவிட்டாள். அதில் லைப்ரரியின் அடுத்த வெர்ஷனுக்கான திட்டம். முதல் வரி: ‘அனுபு – நீக்கம்’. எழுதியவள் அவளேதான்.

ஒரு சாப்ட்வேர் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்ப உதவும் லைப்ரரி அது. எட்டு வருடத்துக்கு முன் அதன் முக்கியமான கட்டளைக்கு ‘அனுப்பு’ என்று ஆங்கில எழுத்தில் பேர் வைத்தாள். அவசரத்தில் ஒரு ‘பி’ விழவில்லை. கவனிப்பதற்குள் ஊரெல்லாம் அதை எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒற்றெழுத்தை விட்டவள் என்பதால் அன்றிலிருந்து ஆபீசில் அவள் ‘ஒற்றக்கா’. இன்றோடு தலைமுழுகிவிடலாம் என்றிருந்தாள்.

பத்து நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது. டயாலிசிஸ் சென்டரில் நர்ஸாக இருக்கும் தங்கை.

“அக்கா, தேடிப் பாருன்னு ஒரு பேரு குடுத்தியே, அது எங்க கம்ப்யூட்டர்ல இருபத்தாறு இடத்துல இருக்கு.”

“எதுக்கு?”

“மெஷின் மக்கர் பண்ணா டாக்டர் போனுக்கு மெசேஜ் போகுமில்ல, அதுக்கு.”

“எழுதினவரைக் கூப்பிட்டு மாத்தச் சொல்லு.”

“அவர் வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. புது வெர்ஷன் வந்தா தானா ஏறிக்கற மாதிரி வெச்சிட்டுப் போயிட்டார். ஏன்க்கா, ஏதாவது பிரச்சனையா?”

“ஒண்ணுமில்ல, வை.”

பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பதினொன்றுக்கு டீம் லீடர் உள்ளே வந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவதால் அவருக்குக் ‘கத்திரி’ என்று பேர்.

“முதல் வரி. யாருக்கும் ஆட்சேபணை இல்லையே? அடுத்தது.”

“எனக்கு இருக்கு,” என்றாள்.

“நாலு வருஷமா இதை எடுங்க எடுங்கன்னு என் உயிரை வாங்கினது யாரு?”

“நான்தான். இப்ப வேண்டாங்கறேன்.” சென்டர் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். “பழைய பேரை எடுத்தா, மெஷின் நின்னாலும் டாக்டருக்கு மெசேஜ் போகாது. சரியான பேரைப் புதுசா வைப்போம். பழசைக் கூப்பிட்டாலும் வேலை நடக்கட்டும்.”

“ஒரு சென்டர்தானே? அவங்களுக்கு ஒரு போனைப் போட்டு மாத்திக்கச் சொல்லுங்க.”

“இது எனக்குத் தெரிஞ்ச சென்டர் சார். தெரியாதது எத்தனைன்னு சொல்லுங்க, நானே வெட்டித் தரேன்.”

“சரி, மாத்தி எழுதுங்க,” என்றார் கத்திரி. டெஸ்டிங் செய்யும் பெண் சிரித்தாள். “அப்ப ஒற்றக்கா பேரு நிரந்தரம்.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

முதல் வரியை உள்ளங்கையாலேயே அழித்து, கிறுக்கலாக எழுதினாள்: ‘அனுபுக்கு கால வரம்பு இல்லை’.

“ஒற்றக்கா,” கத்திரி கூப்பிட்டார். “அதுலயும் ஒரு ‘க்’ குறையுது.”

அவள் அதற்குள் வராந்தாவுக்கு வந்து தங்கையின் நம்பரை அழுத்தியிருந்தாள்.

“இப்பவே டாக்டருக்கு ஒரு டெஸ்ட் மெசேஜ் போடு. போகுதான்னு பாத்துச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”