மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள்

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து வேற்றுமை உருபுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘அண்ணனை அடித்தான்’ – இதில் உருபு எது என்று கேட்டிருந்தேன். ‘முதல்ல அண்ணன்தான் அடிச்சான் டீச்சர்’ என்று ஒரு வானரம் எழுதியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எதிர் பெஞ்சில் என் தம்பி இருந்தானே, அவனுக்கு முன்னால் சிரிக்க முடியுமா?

அப்பா விட்டுப்போன வீட்டில் பங்கு கேட்டு என் மேலேயே கேஸ் போட்டவன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை! நான் குடியிருப்பதும் அந்த வீட்டில்தான். அவன் பங்கு கேட்டான், நான் கத்தினேன், அவனும் கத்தினான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோச்சு.

தாளிலிருந்து நிமிர்ந்தால் பெஞ்சில் ஆளைக் காணோம். அந்த நேரம் பார்த்து பியூன் வந்து எங்கள் கேஸைக் கூப்பிட்டார். நான் உள்ளே போய் நின்றேன். அவன் வரவில்லை. அவனுடைய வக்கீலோ வேறொரு ஹாலில் வாதாடிக்கொண்டிருந்தாராம்.

என் வக்கீலம்மா காதைக் கடித்தார். "மூணாவது தடவை கூப்பிட்டும் வரலைன்னா கேஸ் தள்ளுபடி. வீடு முழுசா உங்களுக்கு. வாயைத் திறக்காம நில்லுங்க."

இரண்டாவது முறையும் கூப்பிட்டாயிற்று. அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். பயம் வந்தால் அவனுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ஸ்கூலிலும் பரீட்சை மணி அடிக்கும்போது கக்கூஸில்தான் இருப்பான். நான்தான் போய்க் கதவைத் தட்டுவேன்.

சும்மா நின்றால் போதும், வீடு என்னுடையது. பாழாய்ப்போன மனசு கேட்க வேண்டாமா? பியூன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வராந்தாக் கோடிக்கு ஓடினேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று, எட்டு வேற்றுமையும் நடத்துகிற தொண்டையால் கத்தினேன்.

"டேய் குண்டா! கூப்பிடறாங்கடா, சீக்கிரம் வாடா!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இதோ வந்துட்டேன்க்கா!"

ஈரக் கையோடு ஓடிவந்தான். பியூன் முறைத்தார். வாய்தா கிடைத்தது. என் வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்ததும் கர்ச்சீப்புக்காகப் பாக்கெட்டையெல்லாம் துழாவினான். என்னுடையதை நீட்டினேன்.

"ஏன்க்கா கூப்பிட்டே? பேசாம நின்னிருந்தா வீடு உனக்குத்தானே?"

"வீடு வந்திருக்கும்டா. அப்புறம் உன்னை எங்கே போய்ப் பார்க்கறது? வாய்தாவுக்கு வந்தாத்தானே உன் மூஞ்சியே கண்ணுல படுது?"

அவன் கர்ச்சீப்பை முகத்தில் வைத்துக்கொண்டு என் பெஞ்சிலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.