துரைக்குப் பிடிபட்ட வார்த்தை

என் நாத்தனாருக்கு நாய்கள் காப்பகத்தில் வேலை. ஒருநாள் கண் தெரியாத ஒரு நாயைத் தூக்கிவந்து என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாள். "நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும்தான் அண்ணி."

"என் வீடு என்ன சத்திரமா?" என்று கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

நாய் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றியது. மேஜையில் முட்டியது, நாற்காலியில் முட்டியது, மிடுக்கு மட்டும் குறையவில்லை. "துரைக்கு வீடு பிடிக்கலையோ?" என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து நாய்க்குப் பெயர் துரைதான். மரியாதையும் தானாக ஒட்டிக்கொண்டது.

என் தொழிலில் குண்டூசி கீழே சிந்தாத நாள் கிடையாது. துரை அந்தப் பக்கம் வந்தாலே "பாத்து!" என்று அலறுவேன். "கண்ணு தெரியாததுகிட்டப் போய் பாத்துங்கறியே," என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கட்டும். துரைக்கு அது பிடிபட்டுவிட்டது. "பாத்து" காதில் விழுந்தால் போதும், தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கமாட்டார். நான் ஊசிகளைப் பொறுக்கிவிட்டு "ஆச்சு" என்றால்தான் அடுத்த அடி.

மற்ற நேரமெல்லாம் மிஷினுக்கு அடியில், என் பாதத்தில் தலை வைத்துத் தூக்கம். "இந்தச் சனியன் எப்பத்தான் தொலையுமோ," என்று துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். ஒருவர்கூட நம்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு பேக்கரிக்காரரோடு வந்தாள். நாய் வளர்க்க ஆசைப்படுகிறாராம். தங்கமான மனுஷன், வீட்டைச் சுற்றித் தோட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வாய் ஓயாமல் நானே கேட்டது கிடைத்துவிட்டது. இனி எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

அவர் கயிற்றைப் பிடித்தார். துரை சமர்த்தாக வாசல்வரை போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கவலப்படாதீங்கம்மா. நல்லா பாத்துக்கறோம்."

துரை நின்றார். ஒரு கால் அந்தரத்தில்.

"வாடா கண்ணா, வீட்ல எல்லாரும் உன்ன பாத்துக்குவாங்க."

ஊஹும்.

"நான்தான் பாத்துக்கறேன்னு சொல்றேனே!"

வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினார். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாம்மா இது வரும்?"

சின்ன வார்த்தைதான். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் துரை போய்விடுவார்.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "எனக்கு வேணும். தர மாட்டேன்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சனியன்னீங்களே அண்ணி?"

"என் சனியன். உனக்கென்ன?"

பேக்கரிக்காரர் சிரித்தபடி கயிற்றை நீட்டினார். "அப்ப நீங்களே கடைசிவரைக்கும் பாத்துக்கங்க."

துரை இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார், காலைக்கூட இறக்காமல். நான் மண்டியிட்டுக் கயிற்றை அவிழ்த்து, அவர் காதோரம் குனிந்து, "ஆச்சு," என்றேன்.

திரும்பி நேரே மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். போகிற போக்கில் நாத்தனார் காலில் ஒரு முட்டு.