ஐந்து கிளிப் ஆள்

இஸ்திரிக்கார அக்கா சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். வந்தவள் சுவரைப் பார்க்கவில்லை, ஏணியைத்தான் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

கடைக்கு அனுப்பிய ஆள் திரும்பி வர நேரமாகிவிட்டது என்பதுபோல் கேட்டாள். ஏணியின் நடுப்படியில் நின்ற ஸ்டூடியோக்காரியின் வாயில் இரண்டு ஆணிகள் இருந்தன. எடுத்துவிட்டுப் பதில் சொல்லலாம். எடுக்காமல் பக்கத்துச் சட்டத்தை நேராக்கினாள்.

"வாயில ஆணி இருந்தா காதும் கேக்காதா?"

"எல்லாப் பெட்டியும் தேடிட்டேன்கா," என்றாள் அவள், ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு. "ரெண்டு தடவை தேடினேன். அண்ணன் படம் இல்ல."

"நாளைக்குத் திறப்பு."

"தெரியும்கா."

"ஊரே வந்து ஊரையே பார்த்துட்டுப் போகும். எங்க ஆளு மட்டும் இருக்க மாட்டாரு."

அக்கா கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவள் கூடத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து, நான் இங்கேயே இருக்கிறேன் என்பதுபோல் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கூடம் முன்பு பாலத்தின் சோதனைச்சாவடி. ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு கட்சியாகவும் அந்தக் கரை இன்னொரு கட்சியாகவும் நின்று நான்கு வருடம் யுத்தம் செய்தன. முடிந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இப்போது இரண்டு கரைக்காரர்களும் ஒரு குழு அமைத்து, சாவடிக்கு வெள்ளையடித்து, இறந்தவர்களின் படங்களை மாட்டுகிறார்கள். சுட்டவர்கள், சுடப்பட்டவர்கள், சும்மா நின்றவர்கள் எல்லோருமாக அறுபத்து மூன்று பேர். வாசலில் "இனி ஒருபோதும் வேண்டாம்" என்று பெரிய பலகை வைப்பதில் இரு கரைக்கும் சண்டை வரவில்லை. பலகையின் நிறத்தில் மட்டும் வந்தது.

படங்கள் எல்லாம் ஸ்டூடியோக்காரியின் பெட்டிகளிலிருந்து வந்தவை. அவளுடைய சித்தப்பா நடத்திய ஸ்டூடியோ பாலத்தின் இந்த முனையில் இருந்தது. யுத்தம் தொடங்கியதும், பாலத்தைக் கடக்க அடையாள அட்டை வேண்டும் என்று இரண்டு கரை அதிகாரிகளும் உத்தரவு போட்டார்கள். அட்டைக்குப் படம் வேண்டும். படத்தில் கோட் போட்டிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு அலுவலகங்களும் எப்படி ஒரே சுற்றறிக்கையை அனுப்பின என்று சித்தப்பா சாகும்வரை ஆச்சரியப்பட்டார். அக்கரையில் ஸ்டூடியோ கிடையாது. ஆக, படம் எடுக்க மட்டும் அட்டை கேட்காமல் பாலத்தில் விட்டார்கள்; இரண்டு கரையும் இங்கேதான் வந்தது. இங்கே இருந்ததோ ஒரே ஒரு கோட்.

அது கறுப்புக் கோட். யானைக்கே தைத்தது போன்ற அளவு. ஒல்லியானவர்கள் போட்டால் தோள் முழங்கைக்கு வந்துவிடும். அதற்குத்தான் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்த இவளைப் பின்னால் நிறுத்தினார் சித்தப்பா. துணி உலர்த்தும் கிளிப்புகளால் கோட்டின் முதுகை இழுத்துப் பிடித்து மாட்டுவது அவள் வேலை. முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். பின்னால் பார்த்தால் துணிக்கொடி. பெண்களுக்கும் அதே கோட்டுதான். சுற்றறிக்கையில் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லவில்லையே!

படம் சரியாக வராமல் போனால் மறுபடி எடுக்கவேண்டும் அல்லவா? அப்போது மறுபடி அளவு பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது என்று சித்தப்பா நோட்டுப் போட்டார். தேதி, பெயர், கிளிப். இவ்வளவுதான் நோட்டு. முகவரி கிடையாது, கரை கிடையாது. படப்பெட்டிகளையும் கிளிப் எண்படியே அடுக்கினார்கள்.

சித்தப்பா எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். அவள் பார்த்தது முதுகுகளை.

அங்கேதான் தப்பு நடந்தது. வாசலுக்கு வலப்பக்கச் சுவர் இக்கரைக்கு, இடப்பக்கச் சுவர் அக்கரைக்கு என்று குழு முடிவு செய்திருந்தது. அவள் மறக்கவில்லை. ஆனால் இரண்டு கரையின் பெயர்ப்பட்டியலையும் வைத்து நோட்டில் பெயர் தேடி, படம் எடுத்து, சட்டம் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் பழக்கதோஷத்தில் கிளிப் எண்ணைத்தான் எழுதியிருந்தாள். பட்டியல்கள் ஸ்டூடியோ மேசையிலேயே தங்கிவிட்டன. நேற்றிலிருந்து பூஜ்யத்தில் தொடங்கி, ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக மாட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது அவ்வளவு சரியாகப் பட்டது. ஏழாம் எண்ணுக்கு வந்து ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் இரண்டு கரையும் கலந்து நிற்பது தெரிந்தது. அக்கா வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு.

பத்து மணிக்குச் செயலாளர்கள் இருவரும் வந்தார்கள். இக்கரைச் செயலாளர் மருந்துக்கடைக்காரர். வயிறு முதலில் வரும், அவர் பின்னால் வருவார். அக்கரைச் செயலாளர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அவர் பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போய்விடுவார்.

மருந்துக்கடைக்காரர் வலப்பக்கச் சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னம்மா இது? இந்தாளு அக்கரையில மீன் வித்தவராச்சே! எங்க சுவருல என்ன பண்றாரு?"

"இங்க பாருங்க, உங்க தபால்காரர் எங்க சுவருல நிக்கறாரு," என்றார் வாத்தியார். "இண்டிகேட்டர் போடாம திரும்பிட்டாரு போல."

ஸ்டூடியோக்காரி நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அது தப்பா, பைத்தியக்காரத்தனமா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

"கிளிப்பு எண்ணிக்கைப்படியா மாட்டின?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆமாங்க. குண்டானவங்க முதல்ல. போகப்போக ஒல்லி."

"அதான் வாசல்ல நுழைஞ்சதும் எல்லாரும் செழிப்பா தெரியறாங்க," என்றார் வாத்தியார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு எனக்கு எத்தனை?" என்றார்.

"உங்களுக்கு எட்டு சார்."

"எனக்கு?" என்றார் மற்றவர்.

"உங்களுக்குக் கிளிப்பே இல்ல. பட்டன் போட முடியலன்னு சித்தப்பா பின்பக்கத் தையலைப் பிரிச்சாரு."

வாத்தியார் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "சரி சரி, வேலையைப் பாப்போம்," என்று மருந்துக்கடைக்காரர் பட்டியலை வரவழைத்தார். இக்கரைக்கு முப்பத்தொரு பேர், அக்கரைக்கு முப்பத்து மூன்று. இரண்டு பேர் குறைவு என்பதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

பிரிக்கத் தொடங்கினார்கள். முதல் நான்கு படங்கள் சுலபமாக இறங்கின. ஐந்தாவது தையற்காரி, பிறந்தது இங்கே, வாழ்க்கைப்பட்டது அங்கே, இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தது.

"பொறந்த இடம்தான் கணக்கு," என்றார் ஒருவர்.

"செத்த இடம்தான் கணக்கு," என்றார் மற்றவர்.

"அப்படின்னா எங்க வீட்டுக்காரர் எந்தக் கணக்கு?" என்றது பெஞ்சு.

இருவரும் அப்போதுதான் அக்காவைப் பார்த்தார்கள். பார்த்ததும் இருவருக்கும் பட்டியல் மிகச் சுவாரசியமாகிவிட்டது. தலையை நிமிர்த்தவே இல்லை.

"பொறந்தது பாலத்தடியில. கடை போட்டது பாலத்து முனையில. செத்தது நடுப்பாலத்துல," என்றாள் அக்கா. "சொல்லுங்க, எந்தக் கரை?"

அவர் தலையில் துணிமூட்டையோடு பாலத்தில் நடந்துபோன நாளில் குண்டு விழுந்தது. எந்தக் கரையிலிருந்து வந்த குண்டு என்று இன்றுவரை தெரியாது. பட்டியல் போட்டபோது, நடுப்பாலம் அவர்கள் பொறுப்பு என்று இவர்களும் இவர்கள் பொறுப்பு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

"படம் இருந்தாலாவது..." என்று இழுத்தார் மருந்துக்கடைக்காரர்.

"வேற எதுக்காவது எடுத்திருப்பாரோன்னுதான் தேடச் சொன்னேன். அட்டைப் படம் எப்படி இருக்கும்? அவருகிட்ட அட்டையே யாரும் கேக்கலையே!" என்றாள் அக்கா. "ரெண்டு பக்கத்து யூனிபாரத்தையும் அவருதான தேய்ச்சாரு? இவன் கேட்டா இவன் சட்டை சுருக்கத்தோட நிக்கும், அவன் கேட்டா அவன் சட்டை. அதனால ரெண்டு பேரும் சலாம் போட்டு விட்டாங்க. எங்க ஆளு சொல்வாரு, 'ரெண்டு சட்டையிலயும் அக்குள்ல ஒரே கறைதான், ஒரே நாத்தம்தான். இதுல எதுக்குடி சண்டை?'ன்னு."

வாத்தியார் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். பேச்சை மாற்ற, அடுத்த படத்தைக் கழற்றக் கை நீட்டினார். நீட்டிய கை அங்கேயே நின்றது.

அவருடைய அண்ணன். கட்டாய ஆள்சேர்ப்பில் துப்பாக்கி கொடுத்து ஆற்றங்கரைக் காவலுக்கு அனுப்பப்பட்டு, மூன்றாம் வருடம் செத்தவர். கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை போல் இருந்தார்.

மருந்துக்கடைக்காரர் பக்கத்துப் படத்துக்கு நெருங்கி வந்தார். அவருடைய தங்கை வீட்டுக்காரர். அவரும் காவலுக்குத்தான் போனார், ஆற்றின் இந்தப் பக்கம். அதே வருடம். அதே கோட்.

"எங்க அண்ணனுக்கு எத்தனைம்மா?" என்றார் வாத்தியார்.

"மூணு சார்."

"என் மச்சானுக்கு?"

"மூணு."

மருந்துக்கடைக்காரர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே தோள்யா," என்றார்.

"மூணு கிளிப்பு ஆளு மூணு கிளிப்பு ஆளைக் குறிபார்த்திருக்கான்," என்றார் வாத்தியார். விளையாட்டாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அண்ணன் படத்தின் கண்ணாடியைக் கையால் துடைத்தார்.



"இது ரெண்டும் இங்கயே இருக்கட்டும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருக்கட்டும். மத்ததைப் பிரிப்போம்."

"பிரிப்போம்."

ஆனால் அடுத்த படத்தை யார் கழற்றுவது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வாத்தியார் முன்பு இறக்கிய நான்கில் ஒன்றைத் தூக்கிப் பின்பக்க எண்ணைப் பார்த்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். மருந்துக்கடைக்காரர் அடுத்ததை எடுத்தார். சட்டம் சாய்ந்திருக்கிறது என்று இவர் சொல்ல, உங்கள் பார்வைதான் சாய்ந்திருக்கிறது என்று அவர் சொல்ல, வேலை நடந்தது.

வரிசையின் கடைசியில் ஒரு படம் மட்டும் தனியாக இருந்தது. பதினொரு கிளிப். பத்து வயதுப் பெண். அன்றைக்குக் கிளிப் தீர்ந்துபோய்ச் சித்தப்பாவின் பேனா மூடியைச் செருகி எடுத்த படம். கூச்சம் பொறுக்காமல் அந்தப் பெண் முதுகை நெளித்து நெளித்துச் சிரித்தது ஸ்டூடியோக்காரிக்கு இன்னமும் விரல்நுனியில் இருந்தது. அந்தப் படத்தைப் பற்றி இரண்டு செயலாளர்களும் எந்தக் கரை என்று கேட்கவில்லை.

அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். பெஞ்சில் அக்கா அப்படியே இருந்தாள். எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது, இவள் ஆளுக்கு மட்டும் இல்லை. படம் இல்லாத ஆளை எப்படி மாட்டுவது? வெறும் சட்டம் வைக்கலாம். அது கண்ணாடி போட்ட ஓட்டை. பெயர் மட்டும் எழுதலாம். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இப்படி யோசித்து யோசித்து ஒவ்வொன்றையும் தானே வேண்டாம் என்று தள்ளிய பிறகு, ஒன்றும் சொல்லாமல் சாலையைக் கடந்து ஸ்டூடியோவுக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுல இருக்கிற எல்லாப் படத்துலயும் அண்ணன் கை பட்டிருக்கு. வாராவாரம் தேய்ச்சுக் கொடுத்தது அவருதான். இதை மாட்டலாமா?" என்றாள். கேட்டு முடித்ததும், கேட்டிருக்கக்கூடாதோ என்று பட்டது.

அக்கா கோட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கழுத்துப் பட்டையை விரலால் தடவினாள். முகம் சுருங்கியது.

"இதை யாரு தேய்ச்சது?"

"நான்தான்கா. போன மாசம்."

"தெரியுது," என்றாள் அக்கா. "எருமை படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. இதையா எங்க ஆளு பேருல மாட்டப்போறே? மானம் போயிடும்."

கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அரைமணி நேரம் கழித்துத் திரும்பியபோது, தோளும் மடிப்பும் கத்திமுனை போல் நின்றன. கூடத்துக்குள் சூடான துணியின் வாசனை வந்தது.

"எந்தச் சுவருல?" என்றார் மருந்துக்கடைக்காரர், வாய் தவறி. வாத்தியார் அவர் காலை மிதித்தார்.

வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு சுவர்களுக்கும் நடுவில், சாவடிக் காவலர்கள் தொப்பி மாட்டிய கொக்கி ஒன்று இருந்தது. ஸ்டூடியோக்காரி கோட்டை ஹேங்கரில் போட்டு அங்கே தொங்கவிட்டாள். அது அகலமாக, யாருடையதும் இல்லாததுபோல் தொங்கியது.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய ஆளு இல்ல," என்றாள். "கிளிப்பு இருக்கா?"

ஸ்டூடியோக்காரியின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தாள். அக்கா கோட்டின் பின்னால் கைவிட்டு முதுகுத் துணியை இழுத்துப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. தள்ளி நின்று பார்த்தாள். மூன்று, நான்கு. தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். ஐந்து. ஆறு. மறுபடி தள்ளி நின்றாள். செயலாளர்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்; எட்டு கிளிப்காரருக்கு அது சுலபமாக இருந்தது.

அக்கா மறுபடி கிட்டே வந்து, ஆறாவது கிளிப்பைக் கழற்றினாள்.

"கடைசி வருஷம் கொஞ்சம் சதை போட்டுச்சு," என்றாள். "யுத்த காலத்துல ஊரே மெலிஞ்சுது, நீ மட்டும் எப்படிடா ஊதறேன்னு எல்லாரும் கேப்பாங்க. என் பங்கையும் அவருக்கே போட்டுட்டு, நான் அப்பவே சாப்பிட்டேன்னு சொல்வேன்ல."

கழற்றிய கிளிப்பை அவள் திருப்பித் தரவில்லை. பையில் போட்டுக்கொண்டாள். கோட் இப்போது யாரோ ஒருவர் உள்ளே நிற்பதுபோல் நின்றது.

ஸ்டூடியோக்காரி பழைய நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மிச்சம் இருந்தது. தேதி எழுதினாள். அக்கா சொல்லச் சொல்லப் பெயரை எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் ஐந்து என்று எழுதிவிட்டு, சரிதானா என்று ஒருமுறை எழுந்துபோய் கோட்டின் பின்னால் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள்.