இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ காகிதம்

எங்கள் தெருவில் குப்பை குறைந்ததற்கு நான்தான் காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை. மாலை வகுப்பில் சுற்றுச்சூழல் பாடத்துக்காக நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் துண்டறிக்கை கொடுத்தேன்: பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள், கடைக்குப் பை கொண்டுபோங்கள், ஒரு செய்தித்தாளை இரண்டு வீட்டார் சேர்ந்து படியுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தெருவின் பழைய பேப்பர், பாட்டில், தகரங்களை எடுத்துப்போகும் லாரியை ஓட்டுவது என் அத்தை. அப்பாவின் தங்கை, அம்மாவோடும் என்னோடும்தான் இருக்கிறார். முன்பெல்லாம் வாரத்துக்கு ஐந்நூறு கிலோவுக்குக் குறையாமல் சேரும். துண்டறிக்கைக்குப் பிறகு இருநூற்றுத் தொண்ணூறுதான். லாரி சரக்கு இறக்கும் கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரு வாரம் ஐந்நூறுக்குக் கீழே போனால் எங்கள் தெருவுக்கு லாரி கிடையாது. லாரி இல்லையென்றால் அத்தைக்கு வேலையும் கிடையாது.

"குப்பையக் குறைச்சா நல்லதுன்னு சொன்னியேடி," என்றார் அத்தை. "யாருக்கு நல்லதுன்னு கேக்காம விட்டுட்டேன்."

அன்றே கிடங்கில் எப்படி எடை போடுகிறார்கள் என்று அத்தையிடம் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டேன். உள்ளே நுழையும்போது லாரியை மேடையில் நிறுத்தி ஒரு எடை. சரக்கைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு எடை. வித்தியாசம்தான் தெருவின் கணக்கு. அது எதுவாக இருந்தாலும் சீட்டில் "காகிதம்" என்றே விழும். அந்த இயந்திரத்தில் அந்த ஒரு பொத்தான்தான் வேலை செய்கிறது.

"அப்போ உள்ள போறப்ப நாமளும் ஏறிக்கிட்டு, கொட்டுறதுக்கு முன்னாடி இறங்கிட்டா?" என்றார் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணி," என்றார் அத்தை மெதுவாக, "உங்க எடை எவ்வளவு?"

"பாத்தியாடி! கல்யாணமாகி வந்த நாளா 'குறைங்க அண்ணி, குறைங்க அண்ணி'ன்னு உயிர எடுத்தவ, இன்னைக்கு அதே எடைக்குக் கையேந்துறா!"

அம்மா எழுபத்தெட்டு. நான் நாற்பத்தேழு. எங்கள் எடைப்பலகை சரியானதா என்று சந்தேகம் வந்து, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. ஐந்து பொட்டலம் வைத்ததும் ஐந்து காட்டியது. பாதி நிம்மதி. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம், அவர் அறுபத்தொன்று. அவருடைய நாயை வீட்டில் தனியாக விட முடியாது, அது இருபத்தாறு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. தேவைக்கு இரண்டு கிலோ அதிகம்.

செவ்வாய் காலை ஆறரைக்கு வாசலில் பாட்டில் கூடைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். அத்தை முதலில் கூடையைக் கவிழ்த்தார். பிறகு எங்களை ஏற்றினார். அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து போனோம். மேடையில் லாரி நின்றபோது தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்கும் எடை உண்டு, விட்டுவிடாதீர்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். எடை போட்டு முடித்து, கிடங்குக் கொட்டகைக்குப் பின்னால் இறங்கி, இரண்டு பஸ் மாறி வீடு வந்தோம். ஐந்நூற்று இரண்டு கிலோ என்று சீட்டு வந்தது.

இப்படி நான்கு வாரம். லாரிக்குக் கூடுதல் டீசல், பஸ்ஸில் மூன்று டிக்கெட், நாய்க்குச் சண்டை போட்டு இடம். தெரு குப்பையைக் குறைத்ததால் பூமிக்கு வந்த நன்மையில் இது எவ்வளவைத் தின்றது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். விடை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்ததும் பென்சிலைச் சீவப் போய்விட்டேன்.

ஐந்தாம் வாரம் கொட்டகை வாசலில் ஆய்வாளர் ஒருவர் லாரியை மறித்தார். அவர் பேசியது உள்ளே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, நாலு வாரத்துல எண்ணூத்தி நாப்பத்தெட்டு கிலோ காகிதம் உள்ள வந்திருக்கு, ஆனா கட்டுக் கட்டுனதுல அது இல்ல. யாருக்கு வித்தீங்க?"

"சார், சத்தியமா நான் எடுக்கல."

"திருட்டுன்னுதான் எழுத வேண்டியிருக்கும்."

வேலை போவது ஒன்று. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு போவது வேறு. எழுந்துவிட்டேன். பின்கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். நாய்தான் முதலில் குதித்தது.

நோட்டை நீட்டினேன். "எழுபத்தெட்டு, நாப்பத்தேழு, அறுபத்தொண்ணு, இருபத்தாறு. நாலால பெருக்கிப் பாருங்க சார். அதுதான் காணாம போன காகிதம்."

பெருக்கினார். முகம் மலர்ந்தது. "எண்ணூத்தி நாப்பத்தெட்டு! ஒரு கிலோ கூட இடிக்கல. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்லம்மா." உடனே முகம் சுருங்கியது. "ஆனா நீங்க காகிதம் இல்லையே."

படிவத்தை எடுத்தார். காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், கலப்படம். "நீங்க கலப்படம். பத்துல ஒரு பங்குக்கு மேல கலப்படம் இருந்தா லாரிய நிறுத்திடணும்."

அத்தை ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசிக் கட்டம் காலியா இருக்கே சார்," என்றேன். "மறுபயன்பாடு. உடைக்காம, உருக்காம, அப்படியே திரும்பப் பயன்படுற பொருள். எங்க வகுப்புல அதுக்குத்தான் முதல் இடம்."

அவர் படிவத்தின் பின்பக்கத்தை வெகுநேரம் படித்தார். "பயன்படணும். சோதிச்சுத்தான் எழுத முடியும்."

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஊசி எடுத்து, ஆய்வாளரின் சட்டையில் தொங்கிய பொத்தானைத் தைத்துப் பல்லால் நூலை அறுத்தார். நாய் ஆய்வாளரைப் பார்த்துக் குரைத்தது; "காவல்" என்று எழுதிக்கொண்டார்.

"நீங்கம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"என்னையா கேக்குற? உங்க வீட்டுக்காரம்மா ரெண்டு நாள் படுத்துக்கட்டும், அப்புறம் வந்து கேளு."

ஆய்வாளர் அவசரமாக டிக் அடித்தார். என்னிடம் வந்தார். பகலில் கண் மருத்துவர் அறை வாசலில் நோயாளிகளின் பெயர் கூப்பிடும் வேலை பார்க்கிறேன் என்றேன். அது பயனா என்று அவரும் யோசித்தார், நானும் யோசித்தேன். "இந்த வம்பையெல்லாம் ஆரம்பிச்சதே என் துண்டறிக்கைதான்," என்றும் சொல்லிவிட்டேன். "பழுது பார்த்தால் பயன்படும்" என்று எழுதினார்.

பிறகு அத்தையிடம் போனார். "மறுபயன்பாட்டுப் பொருள இங்க வச்சுக்க முடியாது. எடுத்த வாசல்லயே திருப்பி இறக்கணும். இனி ஐநூறு கிலோ இருக்கான்னு பாக்க மாட்டோம், ஆனா லாரி ஓடாம நிக்கக் கூடாது. வாரா வாரம் போக, வர."

"அப்போ என் வேலை, சார்?"

"ரெண்டு மடங்கு இருக்கும்மா."

அத்தை எங்களை லாரியிலேயே திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் நிறுத்தி, ஆய்வாளர் கொடுத்த சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "அடுத்த செவ்வாய் வரைக்கும் பொருள் சேதமாகாமப் பாத்துக்கணுமாம், அண்ணி. நான்தான் பொறுப்பாம்."

இறங்கப் போன அம்மா படியிலேயே நின்றார். "அப்படியா? சேதம்னா இடுப்பு வலியும் சேர்த்தியா?"

"சேர்த்திதான்."

"நேத்து ராத்திரிப் பாத்திரம் அப்படியே கிடக்கு."

அத்தை அம்மாவுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "அந்தக் கரியடிச்ச சட்டிய முதல்ல ஊற வை," என்று அம்மா கூடத்திலிருந்து சொல்லிவிட்டு, காலை நீட்டிக்கொண்டார்.