இடது கையில் கோப்பை

ஒன்பது வருஷத்தில் லியோனா ப்ரூயிட்டுக்குக் கிடைத்த முதல் க்ளோசப் அது. அதுவரை அவள் நர்ஸ், கதாநாயகியின் தோழி, கதவைத் திறந்து "அம்மா மாடியில இருக்காங்க" என்று சொல்கிறவள். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வெள்ளிக்கிழமை ஸ்டூடியோ முடிவு செய்ய இருந்தது. இந்த ஒரு ஷாட்டை வைத்துத்தான் முடிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கன்டினியூட்டி பார்ப்பவள். தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டில் எந்த வசனத்துக்கு எந்தக் கை எங்கே இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்வேன். கிட்டத்தில் எடுக்கும்போது மாறினால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டையும் ஒட்ட முடியாது.

"அழ ஆரம்பிச்சா என் கை என் பேச்சைக் கேக்காதுடி தெல்மா," என்றாள் லியோனா, பவுடர் போட்டுக்கொண்டே. "தப்பாப் போச்சுன்னா கத்திடு."

"கத்துறேன். அப்புறம் ஹாட்லி என் மேல கத்துவாரு."

"கத்தட்டும். கையில இருக்கிற கப்பாலயே அவரு மண்டையில ஒண்ணு வைக்கிறேன்."

டைரக்டர் ஹாட்லியிடம் அன்று காலையிலேயே இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை நடுவுல நிறுத்தினே, மறுபடி டைப் அடிக்கத்தான் போகணும்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஐந்தரை மணிக்கு ஷாட். ஒரு கையில் காபிக் கோப்பையோடு, தம்பி செத்துவிட்டதாக வந்த தந்தியைப் படிக்கிறாள். கோப்பையை வைக்க இடம் தெரியாதவள்போல் சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். கோப்பை இடது கையில் இருந்தது. காலையில் தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டில் வலது கையில். உடனே பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"கட். போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

விளக்குக்காரர்கள் கைதட்டினார்கள். விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அப்போது சொல்லியிருந்தாலும் இன்னொரு டேக் எடுத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை எடிட்டர், இரண்டு ஷாட்டும் ஒட்டவில்லை என்றார். செட்டைப் பிரித்தாகிவிட்டது. ஹாட்லி என் குறிப்புத் தாளைக் கேட்டார். கொடுப்பதற்கு முன் கழிவறைக்குப் போய்ப் பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன். 'இடது கை. நடிகையிடம் சொல்லப்பட்டது. திருத்தவில்லை.'

க்ளோசப்பைத் தூக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லியோனாவையும்.

சனிக்கிழமை அவள் தன் சாமான்களை எடுக்க வந்தாள். பெட்டியோடு நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"நீ சொன்னியாமே. ஹாட்லி தாளைக் காட்டினான்."

நான் மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"சத்தியமா காதுல விழலடி. அழும்போது எனக்கு ஒண்ணுமே கேக்காது. வேலைக்கு லாயக்கில்லாதவன்னு சொல்றான், சரிதான். உனக்கும் திட்டு விழுந்துச்சா, என்னால?"

அவள் முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

"கொஞ்சம்," என்றேன்.

"மன்னிச்சிருடி."

"பரவால்ல லியோனா," என்று சொல்லி அவளை மன்னித்தேன்.