அப்பா கட்டிய பந்தயம்

என் தம்பி நாதன்தான் அடுத்த கேஸ்வெல் என்பது எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கிரிம்ஸ்பி என்கிற எங்கள் மீன்பிடி ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாய்தான் காரணம் என்று இன்றைக்கும் பாதி ஊர் நினைக்கிறது. மீதிப் பாதி அப்பாவைச் சொல்கிறது.

கேஸ்வெல் யாரென்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அறுபது வருஷமாக வரும் உளவாளிப் படங்களின் நாயகன். கிறிஸ்துமஸ் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தால் டிவியில் ஓடுவது அந்தப் படங்கள்தான். கடைசியாக நடித்தவர் முட்டி தேய்ந்துபோய் விலகிக்கொண்டார். பிறகு படக் கம்பெனி கைமாறி, வழக்கு நடந்து, பல வருஷம் படமே இல்லை. இப்போது புது ஆளைப் போட்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

நாதன் போன் செய்தபோது நான் என் மீன் வறுவல் கடையில் ஹேடாக் மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஜானின், கெடச்சிருச்சு" என்றான். அப்புறம் பேச்சே இல்லை, அழுகைதான். லண்டனில் பார்சல் கொடுக்கிற வேனில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான் என் தம்பி. போலீஸ் தொடர்களில் பிணமாகப் படுத்தே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். பிணத்துக்கு அடுத்தபடியாக அவனுக்குக் கிடைத்த பெரிய வேஷம், பிணத்தைக் கண்டுபிடிக்கிறவன்.

திங்கட்கிழமை கையெழுத்து என்றான். கம்பெனி தானாக அறிவிக்கும் வரை அவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை கசிந்தாலும் எல்லாம் ரத்து. ஏற்கெனவே ஒருத்தனை அப்படித் துரத்தியிருக்கிறார்களாம்.

"அப்பாகிட்டகூட சொல்லிடாத."

"அப்பாகிட்டயா? சொன்னா மட்டும் நம்பிடவா போறாரு" என்றேன்.

எங்கள் அப்பா கென் ஆஸ்கர்பி மீன் ஏலத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் பந்தயம் கட்டாத விஷயம் கிடையாது. குதிரை, நாய், கால்பந்து, கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா விழாதா, எல்லாவற்றிலும் கட்டுவார். ஆனால் சொந்த மகனைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. பள்ளி நாடகத்தில் நாதன் நடித்தபோது, குதிரை வேஷத்தில் பின்னங்காலாக வந்த பையன்தான் நன்றாக நடித்தான் என்றார். டிவியில் அவன் பிணமாக வந்தபோது, மூச்சுவிடுவது தெரிகிறதே என்றார். பப்பில் அப்பாவின் கூட்டாளிகள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேஸ்வெல் நாற்காலி காலியாகிவிட்டால் நாடே அடுத்தது யார் என்று பந்தயம் கட்டும். பந்தயக் கடை ஜன்னலில் பெயர்ப் பட்டியலே தொங்கும். மேலே எல்லாருக்கும் தெரிந்த அழகன்கள். நாதன் ஒரு நாடகத்தில் கொஞ்சம் பெயர் வாங்கியிருந்ததால் அவனையும் அடியில் சேர்த்திருந்தார்கள், ஒரு நாய்ப் பந்தய வர்ணனையாளருக்குக் கீழே. அந்தப் பெயரில் யாரும் காசு வைக்கவில்லை. ஊர்க்காரர்கள்கூட வைக்கவில்லை. பெத்த அப்பனே வைக்காதபோது நாம் ஏன் வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

வியாழக்கிழமை அப்பா குதிரைக்குக் கட்டப் போனார். கூடவே மகன் பேரிலும் இருபது பவுண்டு கட்டிவிட்டு வந்தார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர் டெஸ், அப்பாவோடு ஏலத்தில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை மதியம் டெஸ் என் கடைக்கு வந்து, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சொல்லிவிட்டு, கண்ணடித்தார்.

"நானும் கட்டிட்டேன் ஜானின். என் பொண்ணு, மருமகன், அவன் ஆபீஸ்ல எல்லாரும் கட்டிட்டாங்க."

"எதுல கட்டினீங்க?"

"தெரியாத மாதிரியே கேக்குறா பாரு. உங்கப்பன் நாதன் மேல காசு வெக்கிறான்னா சும்மாவா வெப்பான்? சேதி கெடைக்காம அந்த மனுசன் பைய தொறப்பானா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெயில் கிடந்த மீன் கருகியது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு மீனைக் கருக்கியது அன்றைக்குத்தான்.

வெளியே எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் என் கடை வாசலில்தான் வரிசை நிற்கும். அன்றைக்கு எதிர்ப்பக்கம் பந்தயக் கடை வாசலில் அதைவிட நீளமாக நின்றது. தபால்காரர் நின்றார். பாதிரியாரின் மனைவி நின்றார், என்னைப் பார்த்துவிட்டு நைசாகத் திரும்பிக்கொண்டார். நான் ஓடிப்போய், அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது, போய் வேலையைப் பாருங்கள் என்று கத்தினேன். அவ்வளவுதான், கேட்ட மாத்திரத்தில் இன்னும் நாலு பேர் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அக்கா இப்படிப் பதறினால் விஷயம் உண்மைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரே ஊரிலிருந்து, ஒரே பெயரில் இவ்வளவு காசு வந்தால் பந்தயக் கம்பெனி சும்மா இருக்குமா. சனிக்கிழமை காலை கேஸ்வெல் பந்தயத்தையே நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தினால் அது உறுதி என்பதுதான் இந்த நாட்டில் எல்லாருக்கும் அர்த்தம். மதியத்துக்குள் செய்தியில் நாதன் முகம். குடும்பமே ரகசியத்தை விற்றதாக எழுதினார்கள். என் கடை முன்னால் கேமராக்கள். நாதனுக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அப்பாவின் வீட்டில்தான் சாப்பிடுவோம். இறைச்சி வெந்து மேசைக்கு வந்த நேரத்தில் நாதன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். லண்டனிலிருந்து அந்த வேனையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சவரம் செய்யாத முகம். அப்பாவைப் பார்க்கவே இல்லை, நேராக என்னிடம் வந்தான்.

"ரத்து பண்ணிட்டாங்க. ஒன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் ஜானின். ஒரே ஒரு ஆள்கிட்ட."

"நான் சொல்லலடா. செத்துப்போன அம்மா மேல சத்தியமா சொல்லல."

"அப்புறம் இவரு எப்படிக் கட்டினாரு?"

எனக்கும் அதே கேள்விதான். நான் போனில் பேசியதைக் கடைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டீர்களா என்று அப்பாவிடம் பாய்ந்தேன். பெற்ற பிள்ளையின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அப்பா கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தியில் வந்ததைத் தன் பந்தயம் கிளப்பிய புரளி என்றே நினைத்திருந்தவருக்கு, நாங்கள் பேசுவதிலிருந்துதான் விஷயம் புரிகிறது.

"அப்போ நெசமாவே ஒனக்குத்தான் கெடச்சிருந்துச்சா?" என்று நாதனைக் கேட்டார்.

நாதன் தலையாட்டினான்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்லல" என்றார் அப்பா. "ஜன்னல்ல அந்தப் பட்டியல் இருந்துச்சு. ஒவ்வொருத்தனா பாத்தேன். எவனும் லாயக்கு இல்ல. நம்ம பையன்தான் சரியா இருப்பான்னு தோணுச்சு. கட்டினேன். அவ்வளவுதான்."

நாதன் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"அத ஒரு தடவ என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். "பந்தயக் கடையில போயி சொன்னீங்களே."

அப்பா மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை இப்படியே விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. உடனே உன் ஏஜென்ட்டுக்குப் போன் போடு, யாரும் எதையும் கசியவிடவில்லை என்று சொல், இன்னும் திங்கட்கிழமை வரவில்லையே என்று நாதனை உலுக்கினேன். ஹாரியட் என்ற அந்த அம்மாள் எடுத்ததும், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை நடுவில் வைத்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷி. கம்பெனியிடம் பேசிப் பார்க்கிறேன், ஆனால் அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள் என்றார்.

"உங்கப்பா பந்தயம் கட்டுற ஆளுதான, நாதன். இதுக்கு முன்னாடி வேற எந்த வேஷத்துக்காச்சும் உன் மேல கட்டியிருக்காரா? சும்மா பத்துப் பவுண்டு? யார்கிட்டயாவது நீ நல்லா நடிப்பேன்னு சொல்லியிருக்காரா? ஒரு சாட்சி போதும், சேதி கெடச்சுக் கட்டல, மகன் மேல நம்பிக்கையில கட்டினாருன்னு நான் வாதாடிடுவேன்."

நாதன் அப்பாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஒன்று இருந்தால்கூடப் போதும் என்று மனசுக்குள் இத்தனை வருஷத்தையும் குடைந்து பார்த்தேன். குதிரையின் பின்னங்காலும், பிணத்தின் மூச்சும், அதைக் கேட்டுச் சிரித்த ஊரும்தான் ஞாபகத்துக்கு வந்தன. சாட்சிக்கு ஊரையே கூப்பிடலாம், எல்லாரும் எங்களுக்கு எதிராகத்தான் சொல்வார்கள்.

"நாதன், இருக்கியா?" என்றது போன்.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அப்பா மேசை மேல் குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"இல்லம்மா" என்றார். "இதுதான் மொதத் தடவ."